மில் வாசலில் நான் செத்த நாடகம்

தொண்ணூறுகளில், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மில் வாசலில் மருத்துவ மாணவர்கள் நாங்கள் காசநோய் நாடகம் போட்டோம். நோயாளி நான்தான். பரீட்சையில் வராத திறமையெல்லாம் இருமலில் வந்தது. ரத்தம் கக்கிச் செத்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்த ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். பேசப்பேச, சேலையிலிருந்த பஞ்சைப் பிய்த்து என் காலடியில் போட்டார்.

“ஏனுங்க, சாகறதுக்கு உங்களுக்கு வேற சீக்கே கெடைக்கலீங்களா? நானும் இதுக்கு மாத்தர தின்னு பொழச்சவதானுங்க. நீங்க செத்துப்போட்டு காலேஜுக்குப் போயிருவீங்க. நாளைக்கு எம்பக்கத்துல நின்னு எவ வேலை செய்வா?”

மறுநாள் அதே வாசலில் மாத்திரை தின்று பிழைத்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. அந்த அம்மா உடன் வேலை செய்யும் பெண்களை முன்னால் உட்காரவைத்து, முடியும்வரை ஒருத்தியையும் எழ விடவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் கோபம் குறையவேயில்லை.