புல்லுக்கு மருந்து

எங்கள் வீட்டுக்காரர் புல்லில் கால் வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுகிறார். பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குக் குடிவந்த முதல் காலையில் இதைப் பார்த்தபோது, அங்கே ஏதோ சமாதி இருக்கிறது என்று நினைத்து நானும் கழற்றினேன். அங்கே இருந்தது புல் மட்டும்தான். அதற்கு இங்கே லான் என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நாம் புல் முளைத்தால் பிடுங்கி மாட்டுக்குப் போடுகிறோம். இவர்கள் காசு கொடுத்து நடுகிறார்கள். மாடு எட்டிப் பார்த்தால் கம்பை எடுக்கிறார்கள்.

வீட்டுக்காரர் ஞானமுத்து தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி ரூத் அம்மாளும் கண்டோன்மென்ட்டில் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டின் பின்கட்டு அறை என்னுடையது. வேதியியல் படித்த எனக்கு இங்கே ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தபோது, தனியாக வந்த பெண்ணுக்கு அறை தர ஒருவரும் சம்மதிக்கவில்லை. அப்பா நேரில் வந்து, இந்தத் தம்பதியிடம் பேசிப் பார்த்த பிறகுதான் என்னை விட்டுப் போக ஒப்புக்கொண்டார். "இந்த வீடு இருக்கற வரைக்கும்தான் இந்த வேலை. இவங்க கிளம்புன்னு சொன்னா, நீ நேரா ஊருக்கு வந்துடணும்" என்று ரயிலேறும்போது சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. லான்மேல் உயிரையே வைத்திருப்பவருக்கு என்ன பரிசு கொடுப்பது? சோதனைக்கூடப் பழக்கத்தில் பட்டியல் போட்டேன். ஓரம் வெட்டும் நீளக் கத்தரி: என் சம்பளத்துக்குக் கட்டாது. பூவாளி: ஏற்கெனவே வைத்திருக்கிறார். புல்வெட்டியின் பிளேடைத் தீட்ட எண்ணெய்க்கல்: பரிசு மாதிரி இருக்காது. மண்டியிட்டுக் களை எடுக்க, தேங்காய் நார் அடைத்த சிறு மெத்தை: வயதைக் குத்திக்காட்டுவது போலாகிவிடும். கடைசியில் உரம் என்று முடிவு செய்தேன். ஜனவரியில் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வீடு வீடாக வருவார்கள். அதற்குள் புல் பச்சைப் பசேலென்று ஆகவேண்டும் என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

மார்க்கெட்டில் விதைக்கடைக்காரர் கன்னடம் மட்டுமே பேசினார். உரத்துக்குக் கன்னடத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. புல்லுக்கு ஹுல்லு, மருந்துக்கு ஔஷதி, வேண்டும் என்பதற்குப் பேக்கு என்று தெரியும். மூன்றையும் சேர்த்து, "ஹுல்லு ஔஷதி பேக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஹுல்லு ஔஷதியா?" என்று மறுபடியும் கேட்டார். தலையாட்டினேன். வெள்ளைப் படிகங்களைப் பொட்டலம் கட்டித் தந்து, "ஒந்தே சல சாகு" என்றார். வந்த புதிதில் இந்தச் 'சாகு' என்னை நடுங்க வைத்த சொல். பந்தியில் இலைக்கு மேல் கையை மறித்துச் சாகு, சாகு என்பார்கள். போதும் என்று அர்த்தமாம். ஆக, ஒருமுறை போட்டால் போதும். கன்னடம் புரிந்துவிட்ட பெருமையோடு வீடு திரும்பினேன். படிகங்களும் பார்வைக்கு அமோனியம் சல்பேட் மாதிரிதான் இருந்தன.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது பொட்டலத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, லானுக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்தேன்.

"லானுக்கு மருந்தாமா?" ஞானமுத்து ஐயா பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "பாத்தியா ரூத்? பெத்த பசங்க கேக்கு அனுப்பிக்கினு இருக்காங்க. இந்தப் பொண்ணுக்குத்தான் என் நோவு தெரியுது."

"உங்க நோவுக்கு எந்தக் கடையிலயும் மருந்து கெடைக்காது" என்றார் ரூத் அம்மாள்.

சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் சரோஜம்மா மைசூர்க்காரர். அவரிடம் பெருமையாகக் கதையைச் சொன்னேன். கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அய்யோ தேவரே! எலி மருந்து வெச்சா எலி கொழுக்குமா? ஹுல்லு ஔஷதின்னா ஹுல்லைக் கொல்றது. உரம் வேணும்னா கொப்பரன்னு கேக்கணும்மா!"

நான் சிரிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நடக்கப்போவது வரிசையாக மனத்தில் ஓடியது. முதலில் புல் பழுக்கும். பிறகு அவர் காரணம் தேடுவார். பிறகு அறை போகும். பிறகு அப்பா பிளாட்பாரத்தில் நிற்பார், என் பெட்டியை வாங்கிக்கொள்ள. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் விசில் ஊதத் தாமதித்தார்.

கேட்டைத் திறந்தால், அவர் வெறுங்காலோடு லானில் நிற்கிறார். கேட்டை ஒட்டிய பகுதி ஏற்கெனவே நனைந்திருக்கிறது. கையில் அடுத்த பூவாளி. கத்த வாயெடுத்தேன். "சாகு! சாகு!" என்றுதான் வந்தது. எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

"என்னாமா, போதுமா? இப்பத்தானே ஆரம்பிச்சேன்."

உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ரூத் அம்மாளின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, பொட்டலத்தில் மிச்சமிருந்ததோடு குழைத்து அவரிடம் நீட்டினேன். அமோனியா உரமாக இருந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வரவேண்டும். அவர் முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். வெறும் சுண்ணாம்பு வாசனைதான் வந்தது.

"அப்போ செத்துப்பூடுமா?"

"நனைஞ்ச இடம் செத்துடும், ஐயா."

அவர் மண்வெட்டியை எடுத்து, நனைந்த இடத்தை மண்ணோடு பெயர்த்தார். நான் கூடையில் சுமந்து வெளியே கொட்டினேன். மறுநாள் ரூத் அம்மாள் கேக் தட்டோடு என் அறைக்கு வந்தார். அது மன்னிப்பா, வழியனுப்புவதா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. பாதியைத்தான் விழுங்க முடிந்தது. இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: லான் பிரியருக்கு எண்ணெய்க்கல் கொடுங்கள். கல்லைக் கடையில் விரலால் காட்டியே வாங்கிவிடலாம்.

புது வருஷம் பிறந்ததும் அப்பா வந்தார். பெயர்த்த இடத்தில் வேற்று மண் நிரப்பி, புல் துண்டுகளை ஊன்றியிருந்தோம். அதன் நடுவில் போட்டிருந்த கல்லில் நின்று நான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு தொந்தரவு ஒண்ணும் தரலையே?" என்று அப்பா கேட்டார்.

"தொந்தரவா? கிறிஸ்துமசுக்கு எனக்குப் பரிசெல்லாம் குடுத்தா, சார்."

"என்ன பரிசு?"

நான் தெளித்த இடத்திலேயே மறுபடியும் தெளித்தேன். ஞானமுத்து ஐயா என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "லானுக்கு மருந்து."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நல்ல காரியம். செடி கொடிக்கும் நோய் வரத்தானே செய்யும்." ரூத் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அப்பா என் காலடி மண்ணைக் கவனித்தார். "இங்க மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?"

"வேற எடத்து மண்ணு, சார். வேரு புடிக்க நாளாவும். மிதிக்காம இருந்தா புடிச்சுக்கும்."

அப்பா கடைத்தெருவுக்குப் போக, வாசல் கேட்டருகே நின்று கூப்பிட்டார்: "வாம்மா." அதே நேரத்தில் லான் பக்கமிருந்து ஞானமுத்து ஐயாவும், காப்பி ஆறுகிறதென்று கூப்பிட்டார்: "வாம்மா." எந்தப் பக்கம் இறங்கினாலும் அந்த ஈர மண்ணைத்தான் மிதிக்கவேண்டும். நான் கல்லின்மேல் அப்படியே நின்றேன்.