நீலத் துணி திரும்பி வந்தது

இரண்டு கிழமைக்கு ஒருமுறை சித்தி விம்பிள்டனில் ட்ராம் ஏறிப்போய், குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். எங்கள் வீட்டில் அதற்கு ‘சைன் பண்ணுறது’ என்று பெயர். அம்மாவின் தங்கையான அவருடைய அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டு, அப்பீலும் தோற்று, புதிதாக இன்னொன்று போட்டிருந்த காலம் அது. சைன் பண்ணப் போகிறவர்களில் சிலரை அப்படியே மறித்து வைத்து, பிறகு ஊருக்கு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். யாரை, எந்த நாள் என்று எவராலும் சொல்ல முடியாது. இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடுவேன் என்று சொல்லாமல் வைத்திருந்தார்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சைன் பண்ணப் போகிறவர்கள் ஒரு பையில் மாற்றுடுப்பும் மருந்தும் கொண்டுபோவது வழக்கம். மறித்துவிட்டால், வீட்டுக்கு வந்து எடுத்துப்போக விடமாட்டார்கள். அப்பாவுக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது. “பையோடை போனா, கொண்டு போங்கோ எண்டு நாங்களே சொல்லுற மாதிரியெல்லோ” என்பார். பை இல்லாமல் போனால் அங்கே இருப்பவர்கள் குழம்பிப்போய்ச் சித்தியை விட்டுவிடுவார்கள் என்று அவருக்கு எண்ணம். சித்திக்குத் தைரொயிட் குளிசை ஒருநாளும் தவறக் கூடாது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. அப்பாவின் வீட்டில் இருந்துகொண்டு, அப்பாவின் சோற்றைத் தின்றுகொண்டு, என்னவென்று வாய் திறப்பது?

அந்த வருடம் கிறிஸ்மஸ் லீவுக்கு முன்னால், என்னோடு படித்த ஜப்பானியப் பிள்ளை ஒருத்தியின் தாய் வகுப்புக்கு வந்து, பரிசைத் துணியால் கட்டும் ஃபுரோஷிகி காட்டித் தந்தார். ஒரு சதுரத் துணி போதும். கத்தரி வேண்டாம், செலோடேப் வேண்டாம். பெட்டியை மூலைவாட்டில் வைத்து இரண்டு முனைகளை மடித்துவிட்டு, மற்ற இரண்டையும் மேலே இழுத்து முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு சரியென்றால் எவ்வளவு தூக்கினாலும் அவிழாது. அவிழ்க்க வேண்டுமென்றால், ஒரு முனையைப் பிடித்து நிமிர்த்தினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பரிசை வாங்குகிறவர் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வாராம். துணி கொடுத்தவரிடமே திரும்பி வந்துவிடுமாம்.

யன்னல் திரை தைத்து மிஞ்சிய நீலத் துணியைச் சித்தி சதுரமாக வெட்டி, ஓரம் அடித்துத் தந்தார். பால் போத்தல், அரிசிப் பேணி, அப்பாவின் தொப்பி என்று கண்டதையெல்லாம் கட்டினேன். ஒருநாள் காலை சித்தி ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இதைக் கட்டித் தாங்கோ குஞ்சு. பிரசன்ட் குடுக்கிற மாதிரி, வடிவா.”

“ஆருக்குச் சித்தி?”

“சைன் பண்ணுற இடத்திலை இருக்கிறவைக்கு” என்று சிரித்தார்.

நான் நம்பிவிட்டேன். பெட்டிக்குள் ஒரு சோடி உடுப்பும் குளிசையும் பல் தீட்டும் பிரஷும் போன் சார்ஜரும் இருந்தன என்பது வளர்ந்த பிறகு தெரிந்தது. அப்பா அந்தக் கட்டை மேலும் கீழும் பார்த்தார். பை இல்லைத்தானே, பேசாமல் இருந்துவிட்டார்.

பின்னேரம் சித்தி கட்டோடு திரும்பி வந்தார். என் முடிச்சு போட்டபடியே இருந்தது. அம்மா குசினிக்குள் போய் மூக்கைச் சீறிவிட்டு வந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அப்பா பகிடி விட்டார். எனக்கு மட்டும் பெரிய அவமானமாக இருந்தது. என் பரிசை அவர்கள் வாங்கவில்லை.

அடுத்தமுறை இன்னும் இறுக்கமாக, இன்னும் வடிவாகக் கட்டி, முடிச்சில் ஒரு பிளாஸ்டிக் பூவும் செருகினேன். அதுவும் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது, அவர்கள் அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கண்ணை இறுக்க மூடிப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். பக்கத்தில் சித்தியும் கும்பிட்டுக்கொண்டு நின்றார். இரண்டு பேரில் யாருடைய வேண்டுதலுக்குப் பிள்ளையார் காது கொடுத்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பெப்ரவரியில் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் சித்திக்குப் பதிலாக அம்மா நின்றார், வேலைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்போடு. சித்தி சிநேகிதி வீட்டில் நிற்கிறார் என்றார். வீட்டில் கட்டையும் காணவில்லை. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. துணி எப்போது வரும், துணி எப்போது வரும் என்று நச்சரித்தேன். சாப்பிடும்போது அப்பா, “அந்தக் கட்டைக் கொண்டு போகாமல் விட்டிருக்கலாம்” என்றார். அம்மா அவரை எதிர்த்துக் கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

“அதுவும் இல்லாட்டி அவள் குளிசைக்கு எங்கை போவாள்?”

சில நாள் கழித்து, விமான நிலையத்துப் பக்கம் எங்கேயோ போய்விட்டு வந்த அம்மா, கைப்பையிலிருந்து நீலத் துணியை எடுத்துத் தந்தார். நாலாக மடித்திருந்தது.

“சித்தி உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ.”

நான் துள்ளிக் குதித்தேன். “அப்ப அவையள் வாங்கிட்டினமா அம்மா?”

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று பயந்தேன்.

“ஓம்” என்றார். “வாங்கிட்டினம்.”

மறுநாள் துணியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், வகுப்புக்கு முன்னால் விரித்துக் காட்டினேன். பல தடவை வேண்டாம் என்றவர்கள் கடைசியில் என் பரிசை வாங்கிக்கொண்டார்கள், துணியும் முறைப்படி திரும்பி வந்துவிட்டது என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஜப்பானியப் பிள்ளைதான் எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினாள். அப்படி என்னதான் கொடுத்தாய் என்று மிஸ் கேட்டார்.

தெரியாது என்றேன். சித்தி அந்த நேரம் விமானத்தில் இருந்தார் என்பதும் எனக்குத் தெரியாது.