சந்தனம் மறைத்த சக்கரம்

உப்புக் காத்து என் பழைய பிக்கப் வண்டியோட பின்தொட்டிய அரிச்சு ஓட்டையாக்கி, மீன்பெட்டி ரோட்ட எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது. தண்டையார்பேட்டையில புதுத் தொட்டி அடிச்சு மாட்டினேன். நாலு சக்கரத்தையும் சேந்து இழுக்க வெக்குற ஃபோர் வீல் செத்துக் கிடந்துது, அதையும் என் மெக்கானிக் தோஸ்து பிரிச்சு சரி பண்ணான்.

நெட்டுக்குப்பம் மணல்ல சோதனை, தோஸ்தும் கூட வந்தான். பூசை போடாம எப்படி? நாலு சக்கரத்து நடுவுலயும் நானே சந்தனத்த அப்பி குங்குமம் வெச்சேன். சக்கரத்துக்கு ஒண்ணா அடியில எலுமிச்சம்பழமும் வெச்சேன்.

ஆக்சிலேட்டர மிதிச்சா, பின்சக்கரம் ரெண்டும் மணல வாரி இறைக்குது. முன்சக்கரம் அசையல. முன்னாடி வெச்ச பழம் என்னையே பாத்துகினு உக்காந்திருக்கு.

"இன்னாடா ரிப்பேர் பண்ண நீ?"ன்னு எகிறினேன்.

அவன் குனிஞ்சு முன்சக்கரத்துச் சந்தனத்த வழிச்சான். ஃபோர் வீல் போட கையால திருப்பவேண்டிய குமிழு, திருப்பாமலே அடியில கிடந்துது.

"இத்த திருப்பச் சொன்னா, பூசி மூடி வெச்சுக்கீறியே மாமு!"

ரெண்டு பக்கமும் திருப்பிட்டு, பாரத்துக்காக அவனே தொட்டியில ஏறி நின்னான். மறுபடி மிதிச்சேன். நாலு சக்கரமும் ஒண்ணா சுத்தி வண்டி கெளம்புச்சு! முன்சக்கரத்துப் பழம் பறந்துபோய்த் தொட்டிக்கு அடியில, அவன் காலுக்கு நேர் கீழ, டங்குன்னு மோதுச்சு.

"சாமி வந்துடுச்சு மாமு!"ன்னு அவன் தொட்டியிலயே ஆட ஆரம்பிச்சுட்டான்.

ஆடட்டும்னு நான் பிரேக்க மிதிக்கவே இல்ல.