லிஃப்ட்காரர் கையெழுத்துப் போடாத படிவம்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தெட்டு வருஷம் இருட்டுக் குழிக்குள், பன்னிரண்டு மாடி உயரத்தில், பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்த மனுஷன். அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதத்திலிருந்து அதைப் பார்க்கிறேன்.

வயது அறுபத்தேழு. நெஞ்சில் இரண்டு அடைப்பு. அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறது; ஆபரேஷனுக்குப் பைசா கேட்க மாட்டார்கள். ஆனால் தேதி நாலு மாதம் தள்ளிக் கொடுத்திருந்தார்கள். அக்கா அரண்டுபோனாள். அவர் மதியம் கண்ணயர்ந்தால்கூட மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். கடைசியில் தனியார் காப்பீட்டு ஏஜெண்ட் ஒருவனை வரவழைத்தாள். நானும் போயிருந்தேன்.

"தனி ரூம், பெரிய டாக்டர், வரிசையே கிடையாது சார். கவர்மெண்ட் அட்டையை மட்டும் ஒப்படைச்சிடணும். ரெண்டும் வெச்சுக்க முடியாது."

"வேணும்னா திரும்பத் தருவாங்களா?"

"அது இனிமே உங்களுக்கு எதுக்கு சார்?"

மாமா பேனாவைக் கீழே வைத்தார். "தம்பி, கயிறு மாத்துறப்ப பெட்டியைச் சங்கிலியில தொங்கவிடுவோம். அது எடை தாங்குதான்னு பாத்துட்டுதான் பழைய கயித்துல கை வைப்போம். உங்க சங்கிலி தாங்குமா?"

"நல்லா ஜோக் அடிக்கிறீங்க சார்."

"ஜோக்கா? இதென்ன, பழைய வியாதிங்கிற இடத்துல வெறும் கோடு?"

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்."

மாமா படிவத்தை என்னிடம் நீட்டினார். "கண்ணாடி இல்ல, படி மாப்ள." பொடி எழுத்து. நான் படித்தது அஞ்சாங்கிளாஸ், எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இரண்டு வருஷம் பணம் கிடையாது. மறைத்தது தெரிந்தால் எல்லாமே ரத்து.

"கெளம்புங்க தம்பி" என்றார் மாமா.

அவன் போனதும் அக்கா கேட்டாள்: "அப்ப நாலு மாசம் தாங்குவீங்களா?"  மாமா அரசு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார். 

நேற்று அவரை ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இரண்டே மாடி. லிஃப்ட் கிளம்பியதும் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்க வியர்வை.

"மாப்ள, சத்தம் சரியில்ல."

காதைத் தீட்டிக் கேட்டேன். லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய இன்னொரு கை அட்டை இருந்த சட்டைப் பைமேல் இருந்தது.