சாட்சி சொல்லப் போன கெளுத்தி முட்டைகள்

வீட்டு டேங்க்ல கெளுத்தி முட்டை பொரிக்க வைக்கிற தொழில்ல ஒரே ஒரு நிம்மதிதான் இருக்கு, நாம திட்டினா மீன் திருப்பித் திட்டாது. மத்தபடி இந்தத் தொழில்ல என்ன பாடுபடணும்னு மீன் வளர்க்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா? காலையில எந்திரிச்சு பல்லு விளக்குறதுக்கு முந்தி டேங்க் கண்ணாடியில மூக்கை வச்சிப் பாக்கிற கூட்டம்தானே நாம. நான் அலுவிகாரையில ஒரு வாடகை வீட்டு முன் அறையில ஏழு டேங்க் வச்சிருந்தேன். சண்டை, குண்டுன்னு நாடு கெட்டுக்கிடந்த காலம் அது. நடந்ததை நடந்தபடியே சொல்றேன்.

பூவாளி மழை

நாங்க வளர்த்தது கோரின்னு சொல்ற சின்னக் கெளுத்தி. விரல் நீளம்கூட இருக்காது. மீசை வச்சிக்கிட்டு நாள் பூரா அடி மணலைக் கிளறிக்கிட்டிருக்கும். மழை வந்து ஆத்துத் தண்ணி குளிர்ந்தாத்தான் அது முட்டை போடும். நம்ம ஊரு மழையை நம்பி உக்காந்திருக்க முடியுமா? எங்க வீட்டுக்காரர் ராஜேந்திரன் மிளகு ஸ்டோர்ல தராசு பிடிக்கிற வேலை. மனுசனுக்கு மூளை எல்லாம் மீன்லதான். மண் பானையில தண்ணியைக் குளிர வச்சி, பூ மரத்துக்கு ஊத்துற பூவாளியால டேங்க் மேல மெதுவா ஊத்துவாரு. மழைதான் வந்திருச்சுன்னு அந்தப் பைத்தியங்கள் மறுநாள் கண்ணாடி பூரா முட்டை ஒட்டி வச்சிருக்கும். ஒட்டி முடிச்ச கையோட திரும்பி வந்து அதுகளே திங்கவும் ஆரம்பிக்கும். அதுக்குள்ள நாங்க விரலால உருட்டி எடுத்து வேற போத்தல்ல போட்டுருவோம்.

குஞ்சு வளர்ந்ததும் டவுன்ல மீன் கடை வச்சிருந்த ஹனீபா நானா வந்து எடுத்துட்டுப் போவாரு. ஒரு நாள் அவர் வந்த நேரம் இவரு பூவாளியோட நாற்காலியில ஏறி நிக்கிறாரு. ஹனீபா நானா தொப்பியைக் கழட்டித் தலையைத் தடவிக்கிட்டுச் சொன்னாரு: "தங்கச்சி, மீனுக்கே மழைன்னு பொய் சொல்ற மனுசன், நான் கொஞ்சம் கவனமாத்தான் ஈக்கோணும்."

நீல விரல்

முட்டை போட்டா போதுமா? நூறு முட்டையில பத்து வெள்ளையாப் போகும். அதை அப்பவே ஊசியால எடுக்கலைன்னா பஞ்சு மாதிரி பூஞ்சணம் பிடிச்சு, பக்கத்துல இருக்கிற நல்ல முட்டையையும் சேத்துக் கொன்னுரும். அதுக்குத்தான் நீல மருந்து விடுறது. ஒரு சொட்டு போதும், போத்தல் தண்ணி வானம் மாதிரி ஆயிரும். ஆனா அந்த நீலம் விரல்ல பட்டா லேசுல போகாது. நானும் எத்தனையோ சவுக்காரம் போட்டுத் தேச்சுப் பாத்துட்டேன்.

பக்கத்து வீட்டு குசுமா அக்கா சிங்களம், நாங்க தமிழ். நல்ல மனுசி, எங்க டேங்க் பாக்க அடிக்கடி வருவா. கொழும்புப் பக்கம் ஒரு பெரிய குண்டு வெடிச்ச வாரம், ஊரே பேயறைஞ்ச மாதிரி கிடந்துச்சு. அவ கதவை லேசா சாத்திட்டு வந்து, இவரோட கையைப் பாத்து, தம்பின்னு சிங்களத்துல கூப்பிட்டு மெதுவாச் சொன்னா: "மல்லி, மீனுக்கு என்ன மருந்துன்னு எனக்குத் தெரியும், ரோட்டுல துவக்கோட நிக்கிறவன் குண்டு மருந்துன்னுதான் நினைப்பான், வெளிய போகும்போது கையைப் பொக்கெட்டுல வச்சுக்க."

சோறு இல்லாத சோத்துப் பெட்டி

அந்த வருசம் மழையும் இல்லை, கரண்டும் இல்லை. நாள் தவறாம கரண்ட் வெட்டு. காத்துப் பம்பு நின்னா முட்டைக்கு மூச்சு முட்டும், உங்களுக்குத் தெரியும். இவரு ஒரு வேலை செஞ்சாரு. விளையாட்டுக் காரு ஒண்ணைப் பிரிச்சு மோட்டரை எடுத்தாரு. நாலு டோர்ச் பேட்டரி, ரெண்டு வயரு, ஒரு ரப்பர் டியூப். தண்ணி தெறிக்காம இருக்கணுமேன்னு எல்லாத்தையும் தன்னோட பழைய சோத்துப் பெட்டிக்குள்ள வச்சு மூடினாரு. கொர்ர்னு சத்தம் போட்டுக்கிட்டு அருமையா ஓடிச்சு. ஹனீபா நானா பாத்துட்டு, கடையிலயும் மீனெல்லாம் செத்துக்கிட்டிருக்கு, எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்கன்னாரு. செஞ்சதைக் கையில எடுத்துக்கிட்டு, ஒரு போத்தல் நீல மருந்தையும் எடுத்துக்கிட்டு, இவரு டவுன் பஸ்ல ஏறினாரு. எனக்கும் அது தப்பாத் தெரியலையே! பத்திரமாக் கொண்டு போங்கன்னு நானே பையில போட்டுக் குடுத்தேன். அந்த நினைப்பு வந்தா இப்பவும் என் கையை எனக்கே பிடிக்காது.

வழியில பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினாங்க. சோதனை நடக்கிறது தினமும்தான். அன்னைக்குப் பெட்டியைத் திறந்தாங்க. பஸ் கொண்டக்டர் எங்க வீதிக்காரன், மத்தியானம் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் சொன்னது இதுதான்: "அக்கா, பெட்டியில சோறு எங்கடான்னு கேட்டாங்க, அண்ணன் பயத்துல சிரிச்சிட்டாரு, சிரிச்சதுக்குத்தான் முதல் அடி விழுந்துச்சு."

முற்றத்துக்கு ஓடினவங்க

வயரும் பேட்டரியும் குண்டுன்னு சொல்லி அவரைப் பொலிஸ் ஸ்டேஷன்ல அடைச்சிருந்தாங்க, ஸ்டேஷன் பேரு எதுக்கு, விடுங்க. ஹனீபா நானாவும் நானும் போய் நின்னோம். தன்னாலதான் இப்பிடி ஆச்சுன்னு அந்த மனுசன் வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாரு. இன்ஸ்பெக்டர் மாத்தயா கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். நான் சிங்களத்துல எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "மீனுக்குன்னா மீனைக் காட்டு"ன்னாரு. அப்ப டேங்க்ல அன்னைக்குக் காலையில போட்ட முட்டை இருந்துச்சு. அதுல முப்பது முட்டையை ஜேம் போத்தல்ல எடுத்துக்கிட்டு ஓடினேன். போத்தலை சார்ஜன்ட் மேசையில வச்சாச்சு. காத்து வேணுமே! காத்துப் பெட்டி அவங்க கைப்பத்தி சீல் வச்ச சாமானுக்குள்ள கிடக்குது.

சீலை உடைச்சு எடுத்துக் குடுத்தாங்க. நான் வயரைக் கையில எடுத்ததும் சார்ஜன்ட், ராலாமின்னு கூப்பிடுற ரெண்டு கான்ஸ்டபிள், டைப் அடிச்சிக்கிட்டிருந்த ஆளு, எல்லாரும் எந்திரிச்சு முற்றத்துக்கு ஓடிட்டாங்க. இன்ஸ்பெக்டர் மட்டும் கதவடியில நின்னாரு, ஒரு கால் வெளிய. நானும் ஹனீபா நானாவும் மட்டும் மேசைக்குக் கிட்ட. வயர் ரெண்டும் சேர்ந்துச்சு. கொர்ர். போத்தல்ல குமிழி வந்துச்சு. வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன், அன்னைக்குக் குமிழியை எண்ணிக்கிட்டு நின்னேன். குஞ்சு வெளிய வந்தா மேலிடத்துக்கு அறிக்கை எழுதி ஆளை விடலாம்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. நான் வெளிய வரும்போது வயசான சார்ஜன்ட் ஜன்னலால எட்டிப் பாத்துக் கேட்டாரு: "நோனா, நீ போனதுக்குப் பொறகு இது வெடிக்காதுதானே?"

உள்ள இருந்து வந்த கேள்வி

தினமும் காலையில போவேன். தண்ணி மாத்துவேன், வெள்ளை முட்டையை எடுப்பேன். ஹனீபா நானா புது பேட்டரி கொண்டாருவாரு. இவரைப் பாக்க விடலை. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒரு சுவரு, அதுக்குப் பின்னால என் புருசன். நான் இந்தப் பக்கம் ஊசியோட உக்காந்து முட்டை பொறுக்கிறேன். எந்தப் பொம்பளைக்கும் அப்பிடி ஒரு வேலை வரக்கூடாது. அவரு என் குரலைக் கேக்கட்டுமேன்னு சும்மா சும்மா சத்தமா இருமுவேன்.

மூணாம் நாள் முட்டை பழுப்பாயிருச்சு, உத்துப் பாத்தா கண்ணு ரெண்டு கறுப்பாத் தெரியும். சார்ஜன்ட் என்னைவிட முன்னால பாத்திருந்தாரு. இருபத்திரண்டு உயிரோட இருக்குன்னு எண்ணியே வச்சிருந்தாரு. அந்தத் தைரியத்துல, உள்ள இருக்கிற எங்க வீட்டுக்காரருகிட்ட போய்ச் சொல்லுங்களேன்னு கெஞ்சினேன். சுத்திமுத்திப் பாத்துட்டு உள்ள போனாரு. போன சுருக்குல திரும்பி வந்து போத்தலை மேசையில இருந்து தூக்கி டைப் மெசின் பக்கம் வெயில்ல வச்சாரு. ஏன்னு கேட்டதுக்குச் சொன்னாரு: "உள்ள இருக்கிறவர்தான் சொன்னாரு, மேசை நிழல்ல தண்ணி குளிருமாம், குளிர்ந்தா குஞ்சு வர நாளாகுமாம், சுணங்க நேரமில்லையாம்."

கையெழுத்து

அஞ்சாம் நாள் போறேன், வாசல்லயே ஒரு ராலாமி கையைக் காட்டிக் கூப்பிடுறான். போத்தலைச் சுத்தி நாலு பேர் நிக்கிறாங்க. பொரிச்சிருச்சு! வாலை மட்டும் ஆட்டிக்கிட்டு, வயித்துல மஞ்சள் கருவைத் தூக்கிக்கிட்டு, அடியில பதினெட்டு உயிரு. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. இந்தாங்க பாருங்க மாத்தயா, மீனுதான், மீனேதான்னு கத்தினேன். இன்ஸ்பெக்டர் குனிஞ்சு பாத்தாரு, தலையை ஆட்டினாரு. தன் அறைக்குள்ள போய்க் கதவை சாத்திக்கிட்டாரு.

சார்ஜன்ட் ஒரு பெரிய புத்தகத்தை விரிச்சு என் முன்னால வச்சாரு. கைப்பத்தின சாமானைத் திருப்பி எடுத்ததுக்குக் கையெழுத்துப் போடணுமாம். பெட்டி ஒண்ணு, பேட்டரி நாலு, நீல மருந்து ஒரு போத்தல், மீன் குஞ்சு பதினெட்டு. நான் சந்தோசமாப் போட்டுட்டு, அவரு எங்கன்னு கேட்டேன். மனுசன் என் முகத்தைப் பாக்கலை, போத்தலைத்தான் பாத்தாரு: "மேல இருந்து ஓடர் வந்திருச்சு நோனா, விடியக்காலையிலயே வேற கேம்புக்குக் கொண்டு போயிட்டாங்க, மீனை மட்டும்தான் எங்களால விட முடியும்."

திரும்பி வந்தவர்

பத்தொம்பது மாசம் உள்ள வச்சிருந்தாங்க. எந்தக் கேம்புன்னு தெரிய நாலு மாசம் ஆச்சு. அவிச்ச முட்டை மஞ்சளைத் துணியில பிழிஞ்சு ஊட்டி அந்தப் பதினெட்டையும் வளர்த்தேன். ஹனீபா நானா அதை மட்டும் விலைக்குக் கேக்கவே இல்லை. ஒரு குத்தமும் இல்லைன்னு ஒரு துண்டுக் கடுதாசியோட இவரு வீட்டுக்கு வந்தப்ப, இடது காது கேக்கலை. நான் அந்த மீனைக் காட்டினேன், ஒவ்வொண்ணும் பெரிய மீனா ஆகியிருந்துச்சு. பாத்தாரு, கையை டேங்குக்குள்ள விடலை.

அங்க உங்ககிட்ட என்னதான் கேட்டாங்கன்னு கேக்க எனக்கு ரொம்ப நாள் தைரியம் வரலை. ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது அவரே சொன்னாரு: "தினமும் ஒரே கேள்விதான், முட்டை எத்தனை நாள்ல பொரிக்கும்னு. ஒரு நாள் நாலுன்னேன், ஒரு நாள் அஞ்சுன்னேன், தண்ணிக் குளிரைப் பொறுத்ததுங்கன்னு சொன்னேன். பேச்சை மாத்துறேன்னுதான் காதுல அடிச்சாங்க."

அதனால தொழில் தெரிஞ்ச என் சொந்தங்களே, கோரி முட்டை எத்தனை நாள்ல பொரிக்கும்னு யாராச்சும் கேட்டா, குளிரு, வெயிலு, அனுபவம் எதையும் யோசிக்காம, வாயில வந்த ஒரே நம்பரைச் சாகிற வரைக்கும் சொல்லுங்க.