தண்ணீரில் மாமாவைக் கூப்பிட்ட சாயங்காலம்

என் எழுத்து மேலும் கீழுமாகப் போகும். மன்னிக்க வேண்டும். எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த 'ர' எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. பிழையான இடங்களை வாசிக்கிறவர்களே மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாமே என்றால், நாலு பேர் கூடிவிட்டால் எனக்கு வாய் திறக்காது. அதனால் எழுதுகிறேன்.

சூரியநெல்லிக்குக் கீழே அணைத் தண்ணீரில் படகு ஓட்டுவது என் பிழைப்பு. ஆலப்புழைக் கால்வாய்களையும் குமரகத்துக் காயலையும் பார்த்துவிட்டு மலையேறி வருகிறவர்கள்தான் என் படகில் ஏறுகிறார்கள். ஏறிய உடனே, நல்ல காட்சி எங்கே என்று மலையாளத்தில் ஒரே கேள்வி. "சேட்டா, ஏற்றவும் நல்ல வியூ எவிடெயா?"

யானைகள் தண்ணீர் குடிக்க இறங்கும் கரையைக் காட்டுவேன். தேயிலைச் செடி தண்ணீரைத் தொடுகிற வளைவைக் காட்டுவேன். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகப் போவார்கள். ஆனால் இந்த நீர்ப்பரப்பிலேயே அழகான இடம் எது என்று என்னைக் கேட்டால், அது கிழக்கே மலையாறு வந்து விழுகிற, கை நீட்டினாற்போல ஒடுங்கிய நீர்ப்பகுதிதான். கிழக்குக் கை என்போம். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. பட்டை உரிந்து, கறுத்து, இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நிற்பதுபோல நிற்கும். காற்று அங்கே நுழையாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்.

அங்கே மட்டும் நான் யாரையும் கூட்டிப்போவதில்லை. பாறை தட்டும் என்று சொல்லிவிடுவேன். அங்கே பாறை கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எங்கள் லயத்திலேயே, ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசையில், அடுத்த வீட்டில் இருந்தாள். கொழுந்து கிள்ளுகிற வேலை. அவளுக்கு ஒரு வித்தை தெரியும். யாருடைய குரலையும் அப்படியே எடுத்துவிடுவாள். தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்துகொண்டு கங்காணி குரலில், "கடைசி நிரையில என்ன சிரிப்பு, கொழுந்து வேணுமா பேச்சு வேணுமா" என்பாள். பெண்களெல்லாம் அவசரமாகக் கை ஓட்டுவார்கள். பிறகு திட்டிச் சிரிப்பார்கள். ஒருநாள் நிஜக் கங்காணியே வந்து சத்தம் போட, அதுவும் அத்தைதான் என்று நினைத்து "போதும்டி, நிமிரு" என்று அத்தனை பேரும் சிரித்ததில் அந்த மனிதர் இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

மாமாவின் குரலை மட்டும் அவள் எடுத்ததில்லை. பெண்கள் கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். "அதெல்லாம் ஆவாது, போங்கடி."

மாமா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். மெலிந்த, அவசரமே இல்லாத ஆள். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் "இந்தா வாரேன்" என்பார். வரமாட்டார். அத்தை போட்ட சோறு ஆறிக் குளிர்ந்துவிடும். மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் "இந்தா வாரேன்".

அந்த வருடம் பெருமழையில், கட்டியிருந்த மீன்வலையை எடுத்து வருகிறேன் என்று வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. மறுநாள் அந்தக் கிழக்குக் கையில், மரங்களுக்கு நடுவில் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கிளையில் அவர் துண்டு மாட்டியிருந்தது. மழை விட்டதும் ஆட்கள் முங்கிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பூப்பாறையில் போடி பஸ்ஸில் அவரைப் போல ஒருவர் ஏறியதைப் பார்த்தேன் என்று கொழுந்துக்காரி ஒருத்தி சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அத்தை மட்டும் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன சட்டை, எந்தப் பக்கம் உட்கார்ந்தார் என்றெல்லாம்.

எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால், காரியம் செய்வதற்கு முன் அவர் போன இடத்துக்கு வள்ளத்தில் போய் அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறவன் அவருக்கு மருமகன் முறையில் உள்ள, மீசை முளைக்காத பையனாக இருக்க வேண்டும். மூன்று தடவை. பதில் வரவில்லையென்றால் அவருக்கென்று வடித்த சோற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வள்ளத்திலேயே அவர் மனைவி தாலியைக் கழற்றிப் பால் செம்பில் போட்டுவிடுவாள். பதில் வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

மாமாவின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா, சங்கரன்கோவில் பக்கத்துச் சொந்த ஊரிலிருந்து வந்துவிட்டார். அவர் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தம்பி செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல் பந்தல்கால் நட முடியாது. "காரியத்த முடிச்சுட்டு புள்ளையையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன் மாப்ள. ஒத்தப் பொம்பள இந்த மலையில கெடந்து என்ன செய்யப் போவுது? நம்ம வீட்டுப் பின்கட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போவுது" என்று அப்பாவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும்தான் அவள் பக்கத்தில் நின்றேன். பின்கட்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் தோளைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது.

விளக்கு வைப்பதற்கு முன் முடிக்க வேண்டும் என்று சாயங்காலம் கிளம்பினோம். அப்பா பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டார். அவருக்கு முன்னால் நான். அடுத்து பெரிய மாமா, மடியில் இலையால் மூடிய சோற்றுச் சட்டி. வள்ளத்தின் முன்நுனியில் அத்தை, எங்களுக்கு முதுகைக் காட்டி, தலையில் முக்காடு போட்டு, மடியில் பால் செம்போடு உட்கார்ந்திருந்தாள். புது வளையல் போட்டுப் பூ வைத்திருந்தார்கள். எதற்கு இவ்வளவு அலங்காரம் என்று எனக்குப் புரியவில்லை. அழகாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் போகும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் எதிர்க்கரை போயிற்று. பிறகு எங்கள் கரையும் போயிற்று. துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் மட்டும், வேறு யாரோ பக்கத்தில் வள்ளம் ஓட்டுவதுபோலத் தனியாகக் கேட்டது. அப்பா துடுப்பை நிறுத்தினார். அந்தச் சத்தம் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது.

மரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாங்கள் அவற்றிடம் போவதுபோல இல்லை. அவை நடந்து வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டன.

அப்போது தண்ணீரில் ஏதோ மூச்சு விட்டது. நீளமான, ஈரமான மூச்சு. மிகப் பக்கத்தில். அலை வந்து வள்ளத்தைத் தூக்கி இறக்கியது.

"ஆனை நீந்துது. அசையாத இரு" என்றார் அப்பா, உதடு அசையாமல்.

பெரிய மாமா சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யானையை நான் பார்க்கவில்லை. யானை என்று அப்பா சொன்னதால் இன்றுவரை யானை என்றே நம்புகிறேன்.

மூச்சு விலகிப் போனதும் அப்பா என் முதுகைத் தொட்டார். "கூப்பிடு."

 சொல்லிக்கொடுத்தபடி கூப்பிட்டேன். "மாமா, வீட்டுக்கு வாங்க."

பனி அதை அப்படியே விழுங்கியது. எதிரொலிகூட வரவில்லை.

"சத்தமா, மருமவனே" என்றார் பெரிய மாமா.

இரண்டாம் தடவை கத்தினேன். ஒரு மரத்திலிருந்து நீர்க்காகம் எழுந்து பறந்தது. பெரிய மாமா பெருமூச்சு விட்டுச் சட்டியின் இலையை எடுத்தார். சோற்றின் வாசம் வந்தது. அத்தையின் வலது கை முக்காட்டுக்குள் கழுத்துப் பக்கம் போவது தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மூன்றாம் தடவை கூப்பிட்டேன்.

"மாமா, வீட்டுக்கு வாங்க."

அத்தையின் தோள்கள் மெல்ல உயர்ந்து நின்றன.

"இந்தா வாரேன்."

ஆண் குரல். மாமாவின் குரல். அவசரமே இல்லாத, பாதிச் சோம்பலான அதே குரல். முன்னாலிருந்து, பனிக்குள்ளிருந்து, தண்ணீரை ஒட்டினாற்போல வந்தது.  பெரிய மாமாவின் கையிலிருந்து இலை நழுவித் தண்ணீரில் விழுந்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே போயிற்று.

 பெரிய மாமா, "மாப்ள, தம்பிதான். முன்னால விடு, வள்ளத்த முன்னால விடு" என்றார்.

அப்பா துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அத்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தண்ணியில பதில் வந்தா அந்தப் பக்கம் போவக் கூடாது மச்சான்" என்றார் கடைசியில்.

"அப்படி யாருவே சொன்னது?"

"எங்கப்பா சொல்லிருக்காரு. பதில் வந்தாச்சு. ஆளு எங்கயோ இருக்காரு. தாலி இருக்கட்டும். அவ எங்கயும் வர வேணாம், அவ வீட்டுலயே இருக்கட்டும்."

என் தாத்தா அப்படி எதுவும் சொன்னதாக அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அப்பா வள்ளத்தைத் திருப்பினார். நான் பின்னால் திரும்பி, பனியைப் பார்த்து மாமா மாமா என்று அழுதேன். அப்பா என் வாயைப் பொத்தினார். நான் அடங்கிய பிறகுதான் கையை எடுத்துத் துடுப்புப் போட்டார்.

பெரிய மாமா மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தம்பி தூரதேசத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். அத்தை லயத்து வீட்டிலேயே இருந்து, பென்ஷன் வாங்கும்வரை கொழுந்து கிள்ளினாள். பூவும் பொட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அவள் யார் குரலையும் எடுக்கவில்லை என்பது ஒன்றுதான் மாறியது. கங்காணி குரலில் பேசச் சொல்லிப் பெண்கள் கெஞ்சுவார்கள். "போயிருச்சுடி. ஒரு தடவ இருமினேன், அதோட போயிருச்சு" என்பாள். மாமா வரவே இல்லை.

போன சித்திரையில் அத்தை இறந்தாள். மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து அனுப்பினோம். இன்றைக்கு அமாவாசை. படகில் யாரையும் ஏற்றாமல் நான் மட்டும் கிழக்குக் கைக்குப் போய், அவளுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டேன். மாமாவுக்கும் சேர்த்து விடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். விடவில்லை. மரங்கள் சுற்றி நின்றன. மோட்டாரை அணைத்திருந்ததால், ஏதோ ஒன்று கேட்டுவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு ரொம்ப நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. மாமா பனிக்குள் நின்று பதில் சொன்ன பிறகும் வள்ளத்தைத் திருப்பிவிட்ட கோழை என்று அவரை நினைத்தேன். பள்ளி விட்டதும் கரையில் நின்று நானே மாமாவைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். புருஷன் குரலைக் கேட்ட அத்தை ஏன் எழுந்து நிற்கவில்லை, அந்தப் பக்கம் போகலாம் என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கரை வரும்வரை வாயை ஏன் முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆடி அமாவாசை, சாயங்காலம். வெளியே பனி இறங்குகிறது.