பிளேட் என்று எழுதி வைத்தேன்

போன வருடம் தீபாவளிக்கு மறு வாரம், கிள்ளானில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது இது.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். பக்கத்து ஊரான காப்பாரில் ஒரே ஒரு பழைய லோரியோடு தொழிலைத் தொடங்கிப் பதினொன்றாக்கியவன். யாரும் கைதூக்கி விடவில்லை. கோப்பிக்கடையில் பிட்காயின் பேச்சு வந்தபோது படித்தவர்கள் சிரித்தார்கள். நான் வாங்கினேன். வயதான காலத்தில் நானும் மனைவியும் பிள்ளைகளிடம் கை நீட்டக்கூடாது என்று மாதாமாதம் சேர்த்தது அது.

அதை எனக்கு விற்ற கம்பெனியின் கையிலேயே விட்டுவைக்க நான் என்ன ஏமாளியா? ஹார்ட்வேர் வாலட் என்ற சின்னக் கருவியைத் தயாரிப்பவரிடமிருந்தே நேராக வரவழைத்தேன். அதற்குள் காசு இருக்காது, காசைத் திறக்கும் சாவிதான் இருக்கும். முதல் நாள் அதன் திரையில் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள் வந்தன. கருவி கெட்டாலும் தொலைந்தாலும் அந்தச் சொற்களை வரிசையாகப் போட்டால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். அவற்றைப் போட்டோ எடுக்கக்கூடாது, கைப்பேசியில் ஏற்றக்கூடாது, தாளில்தான் எழுத வேண்டும்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அத்தனை சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதினேன். திருடன் எடுத்தாலும் விழிப்பான் என்று நினைப்பு. சரிபார்க்கச் சொன்னபோது திரையில் வந்த சொற்களில் சரியானதைத் தேர்ந்து அழுத்தினேன், தேறிவிட்டேன். தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கருவியின் பின் நம்பராக என் லோரி ஒன்றின் பதிவு எண்ணை வைத்திருந்தேன். தீபாவளிக்குப் பிறகு கருவியைத் திறக்க உட்கார்ந்தால், எந்த லோரி என்பது மறந்துபோனது. மூன்று லோரிகளின் எண்களை அழுத்தினேன். மூன்றாவது தப்போடு கருவி தனக்குள் இருந்ததை அழித்துக்கொண்டது.

நான் பதறவில்லை. தாள் இருக்கிறதே! சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிச் சொல் முடிந்ததும் ‘தவறு’ என்றது. மறுபடி முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் தவறு.

மறுநாள் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தபடி, “அங்கிள், அந்தப் பேப்பர குடுங்க. கம்ப்யூட்டர்ல போட்டு அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தரேன்” என்றார்.

என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவன் கையில் லோரிச் சாவியைக் கொடுத்திருந்தால் நான் பதினொரு லோரி ஓட்டியிருக்க முடியுமா? “பேப்பர் வெளிய வராது பாஸ்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டில் வேறு வழியில்லாமல் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, முடித்து, துறைமுகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவள். திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

“என்னங்க, இது என்ன பிளேட்? சவரம் பண்றதா, சோறு திங்கிறதா?”

ஆங்கிலத்தில் ஒன்று பி-யில் தொடங்கும், இன்னொன்று வேறு பி. தமிழில் இரண்டும் ஒரே பிளேட்தான்.

“இந்த கைட்? பறக்குற பட்டமா, டூர்ல வழிகாட்டுற ஆளா?”

“தெரியல.”

“டாக்? கொரைக்கிறதா, பேசுறதா?” என்றவள் என்னை ஒரு முறை பார்த்தாள். “நீங்க எழுதுனதால ரெண்டும் ஒண்ணுதான் லா.”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக மூன்று சொற்கள்தான் சந்தேகம். எட்டு விதமாக வரலாம் என்று அவள் ஒரு தாளில் கோடு போட்டாள். அவள் எழுத்துகளைச் சொல்ல, நான் அழுத்தினேன். ஐந்து தடவை தவறு. ஆறாவது தடவை திரை மாறியது. எல்லாம் அப்படியே இருந்தது. அவள் கோடு போட்ட தாளை அடுப்பில் கொளுத்திவிட்டு, தேநீர் கலக்கப் போனாள்.

பிறகு இன்னொரு கருவியை வரவழைத்து, புதிய சொற்களோடு அமைத்தேன். இந்த முறை ஆங்கிலத்திலேயே, எங்கள் பட்டறையில் லோரிச் சட்டத்தில் எண்ணும் எழுத்தும் அடிக்கிற உளிகளைக் கொண்டு துருப்பிடிக்காத தகட்டில் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். தீயிலும் வெள்ளத்திலும் அது போகாது. சும்மா விடுவேனா? வெறும் கருவியாக இருக்கும்போதே வேண்டுமென்று அழித்து, தகட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன். வந்தது. அதற்குப் பிறகுதான் காசை அங்கே மாற்றினேன். பழைய சொற்களுக்கு இப்போது உயிரில்லை, அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

தகடு எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்காகச் சேர்த்ததை ஒருவன் மட்டும், அதுவும் பிளேட்டுக்கும் பிளேடுக்கும் வித்தியாசம் தெரியாமல், பூட்டி வைத்திருந்தேனே என்று நினைத்தால், இத்தனை லோரி ஓட்டிய எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது.